13 மீட்டர் கம்பு, எஃப்1 மீன்கள், தீவுக் குளம்: முள் வாயில் ஏறாமல் உடம்பில் குத்துவது ஏன்?

தங்கூசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கிளப்பின்ர மீன்பிடி மேட்ச் இருக்கு. குளம் வழமையான இங்கிலாந்துக் கமர்ஷியல் குளம்தான் (காசு கட்டிப் பிடிக்கிறது): 24 பெக் (ஆள் இருந்து பிடிக்கிற இடம்), நடுவில நீளமான தீவு. பெக்கிலயிருந்து தீவுக் கரை 13 மீட்டர் அளவு. நடுப்பள்ளத்தில 5 அடித் தண்ணி, தீவுச் சரிவில 2 அடி, எங்கட பக்கத்துக் கரையோரம் ஒன்றரை அடி. எஃப்1 எண்ட கலப்பினக் கார்ப்தான் கூட, ஒண்டு 1 முதல் 2 இறாத்தல் (பவுண்டு). அதோட 4 முதல் 8 இறாத்தல் வரை கார்ப், கொஞ்சம் ஸ்கிம்மர், ரோச் எண்ட சின்ன மீன்கள். காலமை 10 மணியிலயிருந்து பின்னேரம் 3 மணி வரை மேட்ச்.

குளத்து விதி: எதிர்முள் இல்லாத முள் மட்டும், குளக் கடையில விக்கிற பெல்லட் (மீன் தீவன உருண்டை) மட்டும், கிரவுண்ட்பெய்ட் (தூள் தீவனம்) இல்லை. மேகட் (ஈப் புழு), சோளம் சரி. ஒரு வலைக்கு 50 இறாத்தல், அதுக்கு மேல வந்தா மேலதிகம் கணக்கில்லை.

என்னட்ட ரீல் இல்லாத 13 மீட்டர் போல் கம்பும் நாலு டாப் கிட்டும் (உள்ளுக்கு எலாஸ்டிக் ஓடுற நுனித் துண்டு) இருக்கு. ரெண்டில 10ஆம் நம்பர் ஹாலோ எலாஸ்டிக், ரெண்டில 14.

பிரச்சினை இதுதான். முதல் அரை மணித்தியாலம் நல்லா வரும். பிறகு தக்கை அமிழும், தூக்கினா வெறும் முள். இல்லாட்டி வயித்திலயோ செட்டையிலயோ குத்தி, பாதி வழியில கழண்டு போகும். முள்ளில செதில்தான் மிஞ்சும். பெரிய முள்ளுக்கு மாறுறதா, பெல்லட் போடுற அளவை மாத்துறதா? கரையோரத்துக்கு எத்தனை மணிக்குத் திரும்புறது?

---

குளக்கரை எழுதியது:

முள்ளை மாத்தாதீங்க. செதில் வருதுன்னா மீன் இரையை எடுக்கல, தூண்டில் நரம்புல உரசிட்டுப் போகுதுன்னு அர்த்தம். அந்த உரசல்லதான் தக்கை அமிழுது. நீங்க தூக்குறப்போ பக்கத்துல நிக்கிற மீன் மேல முள் ஏறுது. முதல் அரை மணி நேரம் நல்லா வந்து அப்புறம் கெடுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த அரை மணியில உள்ள போட்ட பெல்லட்தான் காரணம். கோடையில எஃப்1 விழுற இரையைத் தேடி மேல வரும். 5 அடித் தண்ணியில உங்க இரை தரையில கிடக்குது, மீன் கூட்டம் 2, 3 அடியில நிக்குது. நடுவுல தொங்குற நரம்பு முழுக்க மீன்தான்.

செய்ய வேண்டியதை வரிசையாச் சொல்றேன்.

முதல்ல ஆழம். முள்ளுல பிளம்மெட் (ஆழம் பாக்குற எடை) கட்டி 13 மீட்டர்ல சரிவு முடிஞ்சு தரை சமமாகிற இடத்தைக் கண்டுபிடிங்க. அரை அடி முன்ன பின்ன, இடம் வலம்னு நாலு இடத்துல பாருங்க. சரிவு மேலயே ரிக் (தக்கை, நரம்பு, முள் சேந்த கட்டு) விழுந்தா இரை உருண்டு கீழ போயிடும், தக்கை காட்டுறது எதையும் நம்ப முடியாது. சமதரை கிடைச்சதும் அந்த ஆழத்தை டாப் கிட்டுல வெள்ளை மையால குறிச்சு வைங்க. இரை தரையைத் தொட்டு ஒரு அங்குலம் படுத்தா போதும்.

அடுத்தது ரிக். 5 அடிக்கு 4x14 தக்கை, அதாவது சுமார் 0.4 கிராம். 0.16 மிமீ மெயின் லைன் (முக்கிய நரம்பு), 0.14ல 6 அங்குல ஹூக்லெங்த் (முள் கட்டுற கடைசித் துண்டு நரம்பு), 16ஆம் நம்பர் முள். ஹூக்லெங்த் எப்பவும் மெயின் லைனை விடப் பலம் குறைஞ்சதா இருக்கணும். மாட்டி அறுந்தாலும் முள்ளோட சின்னத் துண்டுதான் போகும், மீன் தக்கையை இழுத்துக்கிட்டு அலையாது. எடை குண்டுகளை முள்ளுக்கு ஒரு அடி மேல ஒரே கட்டா வைங்க, அதுக்குக் கீழ சின்னக் குண்டு ரெண்டு. கட்டா இருந்தா நடுத்தண்ணி மீன் கூட்டத்தைத் தாண்டி இரை வேகமா இறங்கும். குண்டைப் பரப்பி வச்சா மெதுவா இறங்கி வழியெல்லாம் உரசும். தக்கை நுனி ஒரு புள்ளி அளவுதான் தண்ணிக்கு மேல தெரியணும். எஃப்1 உறிஞ்சித் துப்புற கடி ரொம்பச் சின்னது, நுனி அதிகமாத் தெரிஞ்சா அது கண்ணுல படாது.

இப்ப தீவனம். இதுலதான் மேட்ச் முடிவாகுது. கம்பு நுனியில மாட்டுற சின்னக் கிண்ணத்துல 4 மிமீ கடினப் பெல்லட் 6 முதல் 8, அதுக்கு மேல வேண்டாம். மைக்ரோ பெல்லட்டை (2 மிமீ பொடிசு) நடுப்பள்ளத்துல போடாதீங்க. அது மெதுவா இறங்கி, தண்ணியில தூளாப் பரவி, மீனை மேல இழுக்கும். 4 மிமீ நேராத் தரைக்குப் போகும், மீனும் பின்னாடியே இறங்கும்.

கிண்ணத்தைக் கவிழ்த்து, இரையை அதே இடத்துல இறக்கி, ஒரு நிமிஷம் பாருங்க. ஒரே உறுதியான கடியா வந்து மீன் வாயில மாட்டியிருந்தா அளவு சரி. தக்கை நடுங்குது, பக்கவாட்டுல நகருது, அமிழ்ந்து உடனே எழுதுன்னா அடுத்த தடவை பெல்லட்டைப் பாதியாக்குங்க. அப்பவும் அப்படியே இருந்தா அந்த இடத்தை 15 நிமிஷம் விட்டுட்டு 5 மீட்டர்ல பிடிங்க. அதுக்காகவே ஆரம்பத்துல இருந்து 5 மீட்டர்ல கையால நாலஞ்சு பெல்லட் போட்டுக்கிட்டே வரணும்.

தக்கை அசையுற ஒவ்வொரு தடவையும் தூக்காதீங்க. எஃப்1 கடி சின்னதா இருந்தாலும் ஒரே திசையில, நிதானமா இருக்கும். உரசல் வெடுக்குன்னு அமிழ்த்தி உடனே விட்டுடும்.

---

பெல்லட்பெட்டி எழுதியது:

குளக்கரை சொன்னதோட சேர்த்து, கொக்கி இரையைத் தயார் செய்யுற முறையையும் சொல்லிடுறேன். பாதிப் பேர் இதுலதான் மீனை விடுறாங்க.

எக்ஸ்பேண்டர் பெல்லட் 4 மிமீ: காய்ஞ்ச நிலையில மிதக்கும், அதனால உள்ள இருக்குற காத்தை உறிஞ்சுற பம்ப் அவசியம். பம்புல பாதி அளவு பெல்லட், முக்கால் அளவு தண்ணி. கைப்பிடியை இழுத்துச் சில நொடி பிடிச்சு, விட்டு, காத்தை வெளியேத்துங்க. மூணு நாலு தடவை செஞ்சா எல்லாம் மூழ்கிடும். தண்ணியோடவே டப்பாவுல கொட்டிச் சில நிமிஷம் ஊற விட்டு வடிகட்டுங்க. முள் ஏத்தும்போது வெடிச்சா உள்ளே இன்னும் காய்ஞ்சிருக்கு. ஏத்தினதும் வழுக்கி விழுந்தா ஊறினது அதிகம். வெயில்ல மேல காயாம இருக்க மூடி போட்டு, அப்பப்போ நாலு சொட்டுத் தண்ணி தெளிங்க. முள் நுனி பெல்லட்டுக்கு வெளியே கொஞ்சம் தெரியணும்.

மைக்ரோ 2 மிமீ: பெல்லட்டுக்கு மேல ஒரு விரல் தண்ணி, ஒண்ணு ரெண்டு நிமிஷம், உடனே வடிகட்டி மூடி அரை மணி நேரம் வைங்க. அப்புறம் சல்லடையில தேய்ச்சுக் கட்டியை உடைச்சா தனித்தனியா உதிரும். தண்ணியில மறந்து வச்சா கூழாயிடும், அதைத் திரும்பச் சரி பண்ண முடியாது. இதைத் தீவுச் சரிவுல 2 அடித் தண்ணிக்கு வச்சுக்கலாம். அங்க தண்ணி குறைவு, மீன் மேல வர்ற பிரச்சினையும் குறைவு.

மீன் மேலயேதான் நிக்குது, இறங்க மாட்டேங்குதுன்னா அதை எதிர்க்காதீங்க. ஒரு டாப் கிட்டுல 2 அடி ஆழத்துக்கு ரிக் கட்டி வைங்க. 4x10 மாதிரிச் சின்னத் தக்கை, முள்ளுல ரப்பர் பேண்டு, அதுல 4 மிமீ கடினப் பெல்லட். கவணால நாலு பெல்லட் அடிச்சு, அதே வட்டத்துக்குள்ள ரிக்கைச் சத்தம் கேக்க விழ வைங்க. இங்க தக்கையைப் பாத்துக் காத்திருக்கிற வேலை இல்லை, மீன் தானா மாட்டி எலாஸ்டிக்கை இழுக்கும். 20, 30 நொடியில ஒண்ணும் இல்லைன்னா தூக்கித் திரும்பப் போடுங்க.

---

மார்ஜின்அண்ணை எழுதியது:

தம்பி, கரையோரத்தைப் பற்றிக் கேட்டனீங்கள். கடைசி ஒன்றரை மணித்தியாலத்துக்கு முதல் அந்தப் பக்கம் போகாதேங்கோ. கரை வழிய ஆக்கள் நடக்கேக்க, பெட்டி இழுக்கேக்க பெரிய கார்ப் கிட்ட வராது. மேட்ச் முடியிற நேரம்தான் குளம் அமைதியாகும். வெயிலும் சரிஞ்சா கார்ப் தானா கரைக்கு வரும்.

இடத்தைத் தெரிவு செய்யுறதுதான் முக்கியம். பக்கத்து ஆளில்லாத பெக்கின்ர பலகையடி கிடைச்சா நல்லது. காத்து எந்தக் கரைக்கு அடிக்குதோ அந்தப் பக்கம் பாருங்கோ. ஆழம் ஒண்டு முதல் ஒன்றரை அடி, தரை சமமா, கட்டியா இருக்க வேணும். சரிவா இருந்தா மீன் தலைகீழா நிண்டு தின்னும், வால்தான் தங்கூசியில (தூண்டில் நரம்பில) படும், திரும்பவும் அதே குத்தல் பிரச்சினை.

ஒரு மணி அளவில பெரிய கிண்ணம் நிறைய செத்த மேகட்டைக் கொட்டுங்கோ. உயிருள்ள மேகட் ஊர்ந்து சேத்துக்குள்ள புதைஞ்சு போகும், செத்தது போட்ட இடத்திலயே கிடக்கும். முதல் நாள் காத்தை நல்லா வெளியேற்றின பையில போட்டு ஃப்ரீசரில வச்சா வேலை முடிஞ்சுது. அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தண்ணி கலங்கிறது, வால் சுழி தெரியிறதைக் கண்ட பிறகு இறக்குங்கோ.

ரிக்: 14ஆம் நம்பர் எலாஸ்டிக், 0.19 மெயின், 0.17 ஹூக்லெங்த், 14ஆம் நம்பர் முள்ளில ஏழெட்டுச் செத்த மேகட் கொத்தா. முள்ளைப் பெரிசாக்க வேணும் எண்டா இங்க மட்டும்தான் (நம்பர் குறைய முள் பெரிசு). தக்கைக்கும் கம்பு நுனிக்கும் இடையில அரை அடித் தங்கூசி போதும். மாட்டினவுடன கம்பைத் தாழ்த்தி, கிடையாப் பிடிச்சு, மீனை நடுக்குளத்துக்கு இழுத்துக்கொண்டு போங்கோ. கரையோரத்திலயே சண்டை பிடிச்சா மற்ற மீன் எல்லாம் கலைஞ்சு போகும்.

---

பெல்லட்பெட்டி எழுதியது:

அண்ணா, இடம் பத்தி நீங்க சொன்னது முழுக்கச் சரி. ஆனா எஃப்1 இவ்வளவு நிறைஞ்ச குளத்துல கிண்ணம் நிறைய மேகட் கொட்டினா சின்ன மீன்தான் முதல்ல வரும், ரோச்சும் சேந்து வந்து கார்ப் வர்றதுக்குள்ள காலி பண்ணிடும். இந்தக் குளத்துக்குச் சோளம்தான் என் தேர்வு. கை நிறைய மைக்ரோவோட 20 சோளம், கொக்கியில ரெண்டு சோளம்.

---

மார்ஜின்அண்ணை எழுதியது:

ரோச் கூடின குளத்தில நீங்கள் சொல்லுறது நியாயம். தம்பி, பயிற்சிக்குப் போகேக்க ஒரு கரையில மேகட், மற்றக் கரையில சோளம் போட்டுப் பாருங்கோ. மேகட் பக்கம் சின்ன மீன் மொய்ச்சா சோளத்தை எடுங்கோ. எதுவா இருந்தாலும் சின்ன மீன் மூண்டு தொடர்ந்து வந்தா இடம் இன்னும் கார்ப்புக்கு ஆகேல்லை. இன்னொரு கிண்ணம் போட்டிட்டு விலகுங்கோ.

---

தங்கூசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மைக்ரோதான் மீனை மேல எடுக்குது எண்டது இப்ப விளங்குது. இன்னும் ரெண்டு கேள்வி. பக்கக் காத்து அடிச்சா 13 மீட்டரில தக்கையை எப்பிடி நிறுத்துறது? வலை வரம்பை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

---

குளக்கரை எழுதியது:

காத்துக்கு: தக்கையில இருந்து கம்பு நுனி வரைக்கும் உள்ள நரம்பை ஒன்றரை, ரெண்டு அடிக்கு விடுங்க, தக்கைக்கு 6 அங்குலம் மேல 10ஆம் நம்பர் குண்டு ஒண்ணு. அது நரம்பைத் தண்ணியோட படுக்க வைக்கும், காத்து பிடிச்சு இழுக்காது. தக்கையையும் 0.5 கிராமுக்கு ஏத்துங்க. கம்பு நுனியைத் தண்ணிக்குப் பக்கத்துல வச்சா கை ஆட்டம் குறையும். அப்பவும் நிக்கலைன்னா 11.5 மீட்டருக்குக் குறைச்சுக்குங்க. தூரத்துல ஆடுற இரையை விடக் கிட்டத்துல அசையாம கிடக்குற இரை அதிக மீன் பிடிக்கும்.

வலைக்கு: கையில் அழுத்துற கவுன்டர் வாங்கி வலைக்கு ஒண்ணா மாட்டுங்க. முதல் பத்து எஃப்1ஐத் தோராயமா எடை போட்டுச் சராசரி ஒன்றரை பவுண்டுன்னா 26 மீன்ல 39 பவுண்டு. 40ஐ நெருங்கினதும் அடுத்த வலைக்கு மாறிடுங்க. கண் அளவு ரொம்பத் தப்பும், அதுவும் 6 பவுண்டு கார்ப் நாலஞ்சு கலந்துட்டா. கரையோரக் கார்ப்புக்குன்னு ஒரு வலையைக் காலியா வச்சுக்கணும். ரோச், ஸ்கிம்மருக்குத் தனி வலை.

---

கரைகாவல் எழுதியது:

சட்டப்படியானதையும் எழுதிடுறேன், புதுசா வர்றவங்க நிறையப் பேர் இதைப் படிப்பாங்க.

கமர்ஷியல் குளத்துல நாள் டிக்கெட் வாங்கினாலும் என்விரான்மென்ட் ஏஜென்சி (அரசு அமைப்பு) தர்ற ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் உரிமம், தனியா வேணும். 13 வயசு ஆன எல்லாருக்கும் கட்டாயம். 13 முதல் 16 வயசு வரை இலவசம்தான், ஆனா பதிவு செஞ்சு எடுத்திருக்கணும். இல்லாமப் பிடிபட்டா அபராதம் 2,500 பவுண்டு வரைக்கும் போகலாம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளுக்குத்தான் மூடு காலம், பெரும்பாலான குளங்களுக்கு இல்லை.

ஈயக் குண்டு 0.06 கிராமுக்கு மேல 28.35 கிராம் வரைக்கும் தடை. ஊர்ல இருந்து கொண்டு வந்த குண்டைப் பயன்படுத்தாதீங்க, இங்க கடையில விக்கிற ஈயமில்லாத குண்டை வாங்குங்க. மீன் போடுற வலை குறைஞ்சது 2 மீட்டர் நீளம், முடிச்சில்லாத வலையா இருக்கணும்.

மீனை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. குளத்து மீன் உரிமையாளரோட சொத்து, எடுத்தா திருட்டு வழக்கு. பேசிப் புரிய வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க.

கடைசியா வலை சுத்தம். கோய் ஹெர்பிஸ் வைரஸ் கார்ப்பைக் கூட்டம் கூட்டமாக் கொல்லுற நோய். தண்ணி 16 முதல் 28 டிகிரி இருக்குற காலத்துல, அதாவது சரியா மேட்ச் சீசன்ல, அது வெளிப்படும். ஈர வலை வழியா ஒரு குளத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போகும். குளத்து வாசல்ல கிருமிநாசினித் தொட்டி இருந்தா வலையை முழுசா முக்குங்க. இல்லைன்னா வீட்டுல கழுவி வெயில்ல நல்லாக் காய வச்ச பிறகுதான் அடுத்த குளம். சில குளங்கள்ல சொந்த வலைக்கு அனுமதியே கிடையாது, அவங்க வலையைத்தான் தருவாங்க. மேட்சுக்கு முன்னாடி நாளே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. கோடையில ஒரே வலையில அடைச்சு வைக்காம, வலையோட அடிப்பகுதி ஆழமான தண்ணியில விரிஞ்சு கிடக்குற மாதிரிப் போடுங்க. எடை போட்டு முடிஞ்சதும் வலை வாயைத் தண்ணிக்குள்ளயே சாய்ச்சு மீனைத் தானா நீந்திப் போக விடுங்க.