புனித பிலோமினாளை ரோம் நீக்கிவிட்டதா?

கடலோரக்காரி:
எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு பிலோமினா இருப்பாள். பாட்டியின் பழைய செபப் புத்தகத்தில் "அர்ச். பிலோமினம்மாள், கன்னிகை, வேதசாட்சி" என்று தனி நவநாளே உண்டு. இப்போது சித்தப்பா மகன், அப்படி ஒரு புனிதையே கிடையாது, 1961இலேயே பெயரை எடுத்துவிட்டார்கள் என்கிறான். உண்மையா? எனக்குத் தெரிந்த கதை: கிரேக்கச் சிற்றரசன் மகள், 13 வயது, பேரரசன் தியோக்கிளேசியன் கட்டிக்கொள்ளக் கேட்டும் மாட்டேன் என்றாள், நங்கூரத்தைக் கட்டி ஆற்றில் தள்ளினார்கள், அம்பு எய்தார்கள், எதற்கும் சாகாததால் தலையை வெட்டினார்கள். இதில் எது சரித்திரம்?

செங்கல்சூளை:
1961 உண்மைதான். பிலோமினாளின் ஆகஸ்ட் 11 விழாவை எல்லாத் திருச்சபை நாட்காட்டிகளிலிருந்தும் எடுக்கச் சொல்லி ரோமிலிருந்து உத்தரவு வந்தது.

காரணம், கையில் இருக்கும் ஆதாரமே மூன்று ஓடுகள்தான். 1802 மே மாதம் ரோமில், பிரிசில்லா சுரங்கக் கல்லறையில் ஒரு குழியைத் திறந்தார்கள். அதை அடைத்திருந்த சுட்டமண் பலகைகளில் சிவப்புச் சாயத்தில் "லூமெனா", "பாக்ஸ் தே", "கும் ஃபி" என்று எழுதியிருந்தது, அந்த வரிசையில் ஒன்றும் புரியாது. முதல் பலகையைத் தூக்கிக் கடைசியில் வைத்தால் "பாக்ஸ் தேகும் ஃபிலூமெனா", அதாவது பிலோமினாவே, உனக்குச் சமாதானம். கூடவே நங்கூரம், அம்புகள், குருத்தோலை என்று படங்களும் வரைந்திருந்தன. உள்ளே ஒரு சிறுமியின் எலும்புகள், பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் காய்ந்து ஒட்டியிருந்ததை இரத்தம் என்றார்கள்.

நூறு வருஷம் கழித்து ஒராசியோ மாருக்கி என்ற தொல்லியல் அறிஞர் வந்து, இவை வேறொரு பழைய கல்லறையின் ஓடுகள், பின்னால் யாரோ எடுத்து இந்தக் குழியை அடைத்திருக்கிறார்கள், வரிசை குழம்பியதே அதனால்தான் என்றார். அப்படியானால் பெயர் ஒருத்திக்கு, எலும்பு இன்னொருத்திக்கு. வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவள், என்ற சொல்லும் ஓட்டில் எங்கும் இல்லை.

நீங்கள் சொன்ன கதை 1833இல் நேப்பிள்ஸ் கன்னியாஸ்திரி ஒருவர் தனக்கு வெளிப்படுத்தப்பட்டதாகச் சொன்னது. நங்கூரமும் அம்பும் அதற்குள் எப்படி வந்தன என்று நானே சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு_பூசை:
ஓட்டை மட்டும் பார்த்தால் இப்படித்தான் பேச வரும். 1805இல் அந்த எலும்புகள் நேப்பிள்ஸ் பக்கத்து முஞ்ஞானோ என்ற சிற்றூருக்குப் போனதிலிருந்துதான் பக்தி பரவியது. 1835இல் சாகக் கிடந்த பிரெஞ்சுப் பக்தை பவுலீன் ஜாரிகோ அங்கே போய்க் குணமாகி வந்தார், அவர் கொடுத்த அருளிக்கத்தை (புனிதரின் எலும்புத் துண்டு போன்ற புனிதப் பொருள்) வைத்துக்கொண்டு பிரான்சில் ஆர்ஸ் என்ற ஊரின் பங்குச் சாமியார் ஜான் மரிய வியான்னி, தன்னால் நடந்ததாக ஜனங்கள் சொன்ன புதுமைகளையெல்லாம் பிலோமினாள் தலையில் கட்டினார். 1837இல் பாப்பரசர் 16ஆம் கிரகோரி விழாவுக்கு அனுமதி கொடுத்தார். இத்தனை பேரும் ஏமாந்தார்களா? 1961 உத்தரவு நாட்காட்டிக்குத்தான், வீட்டில் வேண்டிக்கொள்ளாதே என்று அதில் எங்கே இருக்கிறது?

செங்கல்சூளை:
வேண்டக்கூடாது என்று நானும் சொல்லவில்லையே ஐயா. ஆனால் வியான்னியின் பக்தி 19ஆம் நூற்றாண்டுக்குச் சாட்சி, 4ஆம் நூற்றாண்டுக்கு இல்லை. ரோம் நகர வேதசாட்சி ஆக்னெஸ் அம்மாளைப் பாருங்கள், அதுவும் சின்னப் பெண்தான், 12 வயது என்று மிலான் ஆயர் அம்புரோசியார் அதே நூற்றாண்டில் எழுதிவிட்டார். 354ஆம் ஆண்டு ரோமை வேதசாட்சிகள் பட்டியலில் ஜனவரி 21 என்று நாளும், நொமென்தானா சாலையில் கல்லறை என்று இடமும் இருக்கின்றன. அவளுடைய கதையிலும் பிற்காலத்தில் ஏகப்பட்டது சேர்ந்தது, இருந்தாலும் அடியில் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. பிலோமினாளுக்கு 1802க்கு முன்னால் ஒரு வரி காட்டுங்கள், பேசலாம்.

கடலோரக்காரி:
சரி, சண்டை வேண்டாம். அப்படியென்றால் மைசூரில் பிலோமினாள் பெயரில் இருக்கும் கோவில்? ஆகஸ்ட் 11 அன்று பூசை வைக்கலாமா, கூடாதா?

மலைக்கோட்டை_மரியதாஸ்:
மைசூர் கோவிலின் பெயர் மாறவில்லை, புனித சூசையப்பர், புனித பிலோமினாள் பேராலயம்தான். 1933இல் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டியது. பீடத்துக்கு அடியில் நிலவறை, அங்கேதான் அருளிக்கமும் சுரூபமும். கூட்டத்தில் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும், பாட்டியைக் கூட்டிப்போனால் படியில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பூசை விஷயம், பொது நாட்காட்டியில் ஆகஸ்ட் 11 இப்போது அசிசி கிளாரம்மாளுக்கு. பூசைக் கருத்தாகப் பாட்டிக்காக ஒப்புக்கொடுக்கச் சொன்னால் எந்தச் சாமியாரும் மறுக்க மாட்டார், பிலோமினாளின் விழாப் பூசையாகவே வேண்டுமென்றால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.