விலை கொடுத்து வாங்கிய கிரிட் கூறு புதிய பில்டில் மட்டும் ‘உரிமம் செல்லாது’ என்கிறது: புதுப்பிக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா?

முன்பலகை (கேள்வி)

வணக்கம். நாங்கள் பராமரிக்கும் ரியாக்ட் (இணையத் திரைகளை உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) செயலி ஒன்றில், பெரிய அட்டவணைகளைக் காட்டுவதற்காக வெளி நிறுவனம் ஒன்றின் கிரிட் கூறை (அட்டவணை காட்டும் ஆயத்த நிரல்பகுதியை) விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்துகிறோம். ஓராண்டுக்குரிய புதுப்பிப்புகளும் தொழில்நுட்ப உதவியும் அடங்கிய உரிமம் அது. ஆண்டு முடிந்து புதுப்பிக்காவிட்டாலும் கூறைக் காலவரையறையின்றிப் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால், புதுப்பிக்காமல் விட்டோம். இப்போது பில்ட் சர்வரில் (நிரலை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கணினியில்) உருவாகும் பதிப்பில் மட்டும் கிரிட்டின் மேல் வாட்டர்மார்க் தெரிகிறது. பிரவுசர் கன்சோலில் உரிமச் சாவி செல்லாது என்ற எச்சரிக்கையும் வருகிறது. அதே நிரலை எங்கள் கணினிகளில் ஓட்டினால் எதுவும் வருவதில்லை. சாவியும் மாறவில்லை, கிரிட் தொடர்பான நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. இதற்குத் தீர்வு உண்டா? வேறு கூறுக்கு மாறலாம் என்ற பேச்சும் குழுவில் எழுந்துள்ளதால், வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அரைப்புள்ளி

சாவியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. இவ்வகை உரிமங்களில் சாவிக்குள் உங்கள் புதுப்பிப்புக் காலம் முடியும் நாள் பொதிந்திருக்கும். கூறின் ஒவ்வொரு பதிப்பும் தான் வெளியான நாளைத் தன்னுள் வைத்திருக்கும். கூறு ஒப்பிடுவது இந்த இரண்டு நாள்களைத்தானே தவிர, இன்றைய தேதியை அல்ல. ஆகவே, காலம் முடியுமுன் வெளியான பதிப்பு என்றைக்கும் ஓடும்; அதன் பின் வெளியானது முதல் நாளே வாட்டர்மார்க் காட்டும். உங்கள் பில்ட் சர்வர் புதிய பதிப்பை இழுத்து வந்திருக்கிறது என்றே கருதுகிறேன்.

செயலிக்குத் தேவையான பொதிகளைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் அந்தக் கூறின் பதிப்பு எண்ணுக்கு முன் ^ குறி இருக்கிறதா என்று பாருங்கள். ^31.0.0 என்றால் 32-க்கு உட்பட்ட எந்தப் புதிய பதிப்பையும் ஏற்கலாம் என்று பொருள். உங்கள் கணினிகளில் முன்பே இறங்கிய பழைய பதிப்பு அப்படியே கிடக்கும். சர்வரோ ஒவ்வொரு முறையும் வெறுமையிலிருந்து தொடங்குகிறது. பொதிகளை நிறுவும் கருவியான என்பிஎம்மில், நிறுவிய பதிப்புகளைக் காட்டும் ‘என்பிஎம் எல்எஸ்’ கட்டளையை இரண்டு இடங்களிலும் ஓட்டி எண்களை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

முன்பலகை

நீங்கள் கூறியபடியே இருக்கிறது. சர்வரில் உள்ள பதிப்பு, எங்கள் காலம் முடிந்த பிறகு வெளியானது. நிறுவிய துல்லியமான பதிப்புகளைப் பதிந்து வைக்கும் பேக்கேஜ் லாக் கோப்பு, குழுவின் நிரல் களஞ்சியத்தில் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் கண்டோம். ^ குறியை ~ ஆக மாற்றினால் போதுமா?

அரைப்புள்ளி

போதாது. ~ குறியும் சிறு திருத்தப் பதிப்புகளை அனுமதிக்கும். அவையும் உங்கள் காலத்துக்குப் பின் வெளியாகியிருக்கலாம். குறி எதுவும் இல்லாமல், உரிமம் பெற்ற கடைசிப் பதிப்பின் எண்ணை மட்டும் எழுதுங்கள். அதே நிறுவனத்தின் துணைப் பொதிகள் இருந்தால் அவற்றையும் அதே எண்ணில் நிறுத்துங்கள். லாக் கோப்பைக் களஞ்சியத்தில் சேர்த்து, சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ இருக்கும் இடத்தில் ‘என்பிஎம் சிஐ’ என்று மாற்றுங்கள். அது லாக் கோப்பில் உள்ளதை மட்டுமே நிறுவும். இரண்டு கோப்புகளும் முரண்பட்டால் பில்டையே நிறுத்திவிடும்.

கருவிப்பெட்டி

மேலே சொன்னது இன்றைய சிக்கலைத் தீர்க்கும். ஆனால் ‘காலவரையறையின்றி’ என்ற சொல்லை நம்பி நீண்டகாலத் திட்டம் போட வேண்டாம். கூறு நின்ற இடத்தில் நின்றாலும் அதைச் சுற்றியுள்ளவை நகரும். 2024 டிசம்பரில் வெளியான ரியாக்ட் 19, பக்கத்தின் உறுப்பைத் தேடித் தரும் ‘ஃபைண்ட் டாம் நோட்’ போன்ற பழைய வசதிகளை நீக்கிவிட்டது. அவற்றை நம்பியிருந்த கூறுகள் உரிமம் செல்லுபடியாக இருந்தும் அங்கே ஓடா. ரியாக்டை எப்போது உயர்த்தப் போகிறீர்களோ, அப்போதுதான் உங்களுக்கு உண்மையில் புதுப்பிப்பு தேவைப்படும். சில நிறுவனங்கள் இடைவெளி விட்டுப் புதுப்பிப்போரிடம் விடுபட்ட காலத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்கும் என்பதால், அந்த விதியை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால், ‘ஒரு நிரலருக்கு இவ்வளவு’ என்பதில் யார் நிரலர் என்று முதலில் கேளுங்கள். கூறைத் தொட்டு எழுதுபவரை மட்டும் எண்ணும் உரிமங்களும் உண்டு, அந்தச் செயலியின் முன்பக்க நிரலில் கைவைக்கும் அனைவரையும் எண்ணும் உரிமங்களும் உண்டு. விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிவது இந்த ஒரு வரையறையால் பல மடங்காகிவிடும்.

திறந்தகதவு

இவ்வளவு தொல்லை எதற்கு? திறந்த மூலக் கூறு ஒன்றை எடுத்துக்கொண்டால் முடிந்தது.

கருவிப்பெட்டி

அவ்வளவு எளிதன்று. ஏஜி கிரிட் என்ற கூறின் சமூகப் பதிப்பு, கட்டுப்பாடுகள் மிகக் குறைந்த எம்ஐடி திறந்த மூல உரிமத்தில் கிடைக்கிறது; வரிசைகளைத் தொகுத்தல், பிவட் (தரவை வேறு கோணத்தில் சுருக்கிக் காட்டுதல்) போன்றவை கட்டணப் பதிப்பில்தான் உள்ளன. எக்ஸ்ட் ஜேஎஸ் என்ற கூறுத் தொகுப்பு 2008-இல், செயலியைப் பகிர்ந்தால் மூல நிரலையும் தரக் கோரும் ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறியது. மூல நிரலை வெளியிட விரும்பாதவர்கள் அதன் வணிக உரிமத்தைத்தான் வாங்க வேண்டியிருந்தது. ‘இலவசம்’ என்ற சொல்லுக்குள்ளும் இத்தனை வேறுபாடுகள் உள்ளன. கேள்வி கேட்டவரின் நிறுவனம் சிறியதாக இருந்தால் சின்க்ஃப்யூஷன் என்ற கூறு விற்பனை நிறுவனத்தின் இலவசச் சமூக உரிமத்தையும் பார்க்கலாம். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் குறைவாகவும், நிரலர்கள் 5 பேருக்கு மிகாமலும், மொத்தப் பணியாளர்கள் 10 பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

நிழல்வரி

ஒன்றைச் சேர்க்கிறேன். எதை எடுத்தாலும், விற்பனையாளரின் மாதிரிப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், சோதனைக் காலத்தில் உங்கள் சொந்தத் தரவை ஏற்றிப் பாருங்கள். லட்சம் வரிசைகளை வேகமாகக் காட்டும் கிரிட்டுகள் திரையில் தெரியும் வரிசைகளை மட்டுமே பக்கத்தில் வைத்திருக்கும். அதனால் பிரவுசரின் தேடல் மற்ற வரிசைகளைக் காணாது, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களுக்கு மொத்த வரிசை எண்ணிக்கையைக் கூறுதான் தனியாக அறிவிக்க வேண்டும். மவுஸைத் தொடாமல் அட்டவணையின் ஓர் அறையைத் திருத்திச் சேமிக்க முடிகிறதா, எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினால் தலைப்புகள் வெட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள். பளபளப்பான மாதிரிப் பக்கங்கள் இந்த இடங்களைக் காட்டுவதில்லை.

முன்பலகை

பதிப்பு எண்ணை நிறுத்தி, ‘என்பிஎம் சிஐ’ கொண்டு மீண்டும் பில்ட் செய்தோம். வாட்டர்மார்க்கும் எச்சரிக்கையும் மறைந்துவிட்டன. ரியாக்டை உயர்த்தும் வரை இந்தப் பதிப்பிலேயே இருப்பது என்று முடிவு செய்துள்ளோம். நிரலர் வரையறை பற்றியும் தாமதமான புதுப்பிப்புக் கட்டணம் பற்றியும் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே பதிகிறேன். உதவிய அனைவருக்கும் நன்றி.