வெளிநாட்டு ஆலை வந்தால் நமக்கு மிஞ்சுவது என்ன?

தக்கலைக்காரன்:
தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தாச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அந்த மாதிரி ஒன்று ஏன் வரவில்லை? சாம்சங் 2009-இல் வியட்நாமின் பாக்நின்னில் போன் செய்ய ஆரம்பித்த பிறகுதான், மீனும் அரிசியும் துணியும் விற்ற வியட்நாம் மின்னணு ஏற்றுமதி நாடாக மாறியது. வெளிநாட்டுப் பணம் வராமல் நாம் மேலே ஏற முடியாது.

மணல்மேட்டான்:
அண்ணாச்சி, பணம் வராத ஊரா இது? 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. மணலை அள்ளியதும் பிரித்ததும் நம்ம ஆட்கள். அதில் தோரியம் எடுத்து, காஸ் விளக்கில் ஒளிரும் மேண்டில் வலை செய்து விற்றது ஐரோப்பா. நம்ம பங்கு மண்வெட்டியும் ஓலைக் கடவமும்தான். நோக்கியாவும் 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது, 2014-இல் மூடிவிட்டுப் போனது.

தக்கலைக்காரன்:
மூடின அதே இடத்தில் இப்போது சால்காம்ப் என்ற கம்பெனி போன் சார்ஜர் செய்கிறது, மக்கா. மலேசியாவின் பினாங்கைப் பார். 1972-இல் இன்டெல் வந்தபோது வெறும் சிப் பூட்டும் வேலைதான். அங்கே வெளிநாட்டுக் கம்பெனிகளில் பழகிய பொறியாளர்கள் பிறகு சொந்தமாகப் பரிசோதனை இயந்திரக் கம்பெனிகளே தொடங்கினார்கள். உள்ளே போனால்தானே தொழில் படிக்க முடியும்?

அண்டியாபீஸ் மகள்:
எங்க அம்மா முப்பது வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி தல்லி ஓடு உடைத்தவர். முந்திரி ஓட்டெண்ணெய் தின்று விரல்நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷின் அவர் கையை எடுக்காது. ஐவரி கோஸ்டிலும் தான்சானியாவிலும் விளைந்த கொட்டையை நாம் உடைத்துப் பருப்பாக்கி அனுப்பினோம். 2006-இல் பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் நம்மைத் தாண்டியது. அதற்கு சாம்சங் வரவில்லை அண்ணா. உடைக்கும் இயந்திரத்தை அவர்களே செய்துகொண்டார்கள். நாம் இன்னொரு பெண்ணின் கையைத் தேடினோம்.

தக்கலைக்காரன்:
சரி தங்கச்சி, இதை நான் யோசிக்கவில்லை. அதற்காக வருகிறவனை வேண்டாம் என்பதா?

அண்டியாபீஸ் மகள்:
வரட்டும். என்ன வேலையோடு வருகிறான் என்று முதலிலேயே கேட்போம். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு லாரியில் ஏற்றுவதோடு நம்ம வேலை முடிகிறது. ரப்பருக்கு ஒருவன் வந்தால், கலவை போடும் இடமும் பரிசோதனைக் கூடமும் இங்கேயே இருக்கவேண்டும், நாகர்கோவிலில் படித்த பிள்ளைகளுக்கு அதில் வேலை வேண்டும். ஷீட் மட்டும் போதும் என்றால் அவன் வரவே வேண்டாம்.