மனன வசனப் போட்டியை நிறுத்தலாமா? பத்து முதல் பன்னிரண்டு வயது வகுப்பு பற்றி

உப்புவெளி ஆசிரியை:
திருகோணமலையில் எங்கள் மெதடிஸ்த திருச்சபையின் ஞாயிறு பாடசாலையில் பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேதாகம வசனங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கும் மனன வசனப் போட்டியை நிறுத்துவோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கப் பழகட்டும். சபையில் பலருக்குக் கோபம். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை இந்தப் பிள்ளைகளிடம் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று ஒருவரும் கேட்பதில்லை. சரியான விடை தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையும் நாம் அதையே செய்கிறோம். வேதாகமத்தில் ‘பொல்லாப்புக்குப் பயப்படேன்’ என்று வரும் 23ஆம் சங்கீதத்தைத் தடங்கலின்றி ஒப்புவிக்கும் பிள்ளையிடம் ‘நீ எப்போது பயந்தாய்?’ என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் பிள்ளை கண்ணுக்குத் தெரியாதவற்றைத் தர்க்கமாக யோசிக்கத் தொடங்குகிறது என்று உளவியலாளர் பியாஜே எழுதினார். அந்த வயதில் வாயை மூடச் சொன்னால் பிறகு எப்போது திறக்கும்? லூக்கா 2ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயது இயேசு ஆலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கிறார், அவர்களிடம் வினாவுகிறார்.

உவர்மலைப் பெரியவர்:
மகள், உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. யோசனை தவறானது.

1964 டிசம்பரில் சூறாவளி திருகோணமலையைத் தாக்கியபோது நான் சிறுவன். கூரை போன வீட்டில், இருட்டில், அம்மா எங்களைச் சுவரோடு அணைத்துக்கொண்டு 46ஆம் சங்கீதத்தைச் சொன்னார். நாங்களும் கூடவே சொன்னோம். வேதாகமத்தைத் தேடி எடுத்து வாசிக்கும் நேரமா அது? 1990இல் போரால் இடம்பெயர்ந்தபோதும் கையில் புத்தகம் இருக்கவில்லை. நெஞ்சில் இருந்தது மட்டுமே கூட வந்தது. சொந்த வார்த்தையில் ஜெபிக்கட்டும் என்கிறீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொந்த வார்த்தை எவ்வளவு இருக்கும்? நாம் கொடுக்காவிட்டால் கைத்தொலைபேசி கொடுக்கும்.

உப்புவெளி ஆசிரியை:
ஐயா, மனனமே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. போட்டி வேண்டாம் என்கிறேன். திக்கிப் பேசும் பிள்ளையை மேடையில் ஏற்றி, மணி அடித்து இறக்குகிறோம். தான் திக்குவாயன் என்று மோசே சொன்னபோது கர்த்தர் அவரைத் தள்ளிவிடவில்லை. ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். நாமோ நன்றாகப் பேசுகிறவனுக்குக் கிண்ணம் கொடுத்து, பேசத் தயங்குகிறவனை இன்னும் ஊமையாக்குகிறோம்.

நம் சபையின் வேரையே பாருங்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, அத்தனை பிள்ளைகளையும் வீட்டுப் பொறுப்பையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்ள்ஸுக்கு. வளர்ந்து பெரியவரான பிறகும் ஜான் அந்த வியாழக்கிழமை மாலையை நினைத்துத் தாய்க்குக் கடிதம் எழுதினார்.

உவர்மலைப் பெரியவர்:
அதே சூசன்னா, பிள்ளைகளுக்குப் பேச்சு வந்த உடனேயே கர்த்தருடைய ஜெபத்தை மனப்பாடமாகக் கற்பித்தார், மகள். எழுந்ததும் ஒருமுறை, படுக்கப்போகும்போது ஒருமுறை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாலையூற்று மறையாசிரியர்:
நான் கத்தோலிக்கன், முதல் நன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை பெறுவதற்கு, பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிறவன். எங்கள் பக்கத்திலும் கேள்வி உண்டு, பதிலும் உண்டு. இரண்டையும் நாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் குறை.

நீங்கள் இருவரும் வகுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் ஊரில் பிள்ளையின் விசுவாசம் வகுப்பறைக்கு வெளியேதான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது தெருவெல்லாம் நிறைகுடம் வைத்திருக்கும். ‘உங்கள் வீட்டில் ஏன் வைக்கவில்லை?’ என்று பக்கத்து வீட்டுச் சிநேகிதி கேட்பாள். கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளை ரியூஷன் வகுப்பில் நோன்போடு இருக்கும். ‘உங்களுக்கும் நோன்பு உண்டா?’ என்று அது கேட்கும். இந்த இடத்தில் வசனம் ஒப்புவித்தால் சண்டை பிடிப்பதுபோல் இருக்கும். மௌனமாக இருந்தால் தன் விசுவாசத்தைப் பற்றி வெட்கப்படுவதுபோல் ஆகிவிடும். ‘நாங்கள் இப்படிச் செய்கிறோம், அதற்குக் காரணம் இது; நீங்கள் எப்படி?’ என்று மரியாதையாகப் பேசப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? அதைத் தாயும் தகப்பனும் சாப்பாட்டு வேளையில் பேசிப் பழக்க வேண்டும்.

உவர்மலைப் பெரியவர்:
பத்து வயதில் எல்லா மதத்தையும் பற்றிப் பேசவிட்டால் குழம்பிப்போகாதா?

பாலையூற்று மறையாசிரியர்:
ஐயா, பிள்ளைகள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் அருகில் இல்லை, அவ்வளவுதான்.

பழைய மாணவி:
பெரியவர்கள் பேசும் இடத்தில் நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற பிள்ளைகளும் அதில் இறந்தார்கள். என் வயதுதான். ‘ஆலயத்துக்கு வந்த பிள்ளைகளை ஏன் கர்த்தர் காப்பாற்றவில்லை?’ என்று கேட்டேன். அப்படிக் கேட்கக்கூடாது என்றார்கள். ஆபத்தில் கர்த்தர் காப்பார் என்று சொல்லும், நான் மனப்பாடம் செய்த 91ஆம் சங்கீதம் அந்த மாதங்களில் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை; பொய்யாகத் தெரிந்தது.

என் சித்திதான் என்னைத் திட்டாமல் கேட்டார். தனக்கும் பதில் தெரியாது என்று சொன்னார். பிறகு 13ஆம் சங்கீதத்தை எடுத்து, ‘எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தாவீதே கேட்டிருப்பதைக் காட்டினார். இன்றும் நான் ஆலயத்துக்குப் போகிறேன் என்றால் அந்தச் சித்தியால்தான்.

உவர்மலைப் பெரியவர்:
பிள்ளை, உன்னை வாய்மூடச் சொன்னவர்கள் பிழை செய்தார்கள். ஆனால் உன் சித்தி கையில் எடுத்தது என்ன? ஒரு சங்கீதம். நாம் போட்டிக்குக் கொடுப்பதெல்லாம் மகிழ்ச்சியும் வெற்றியும் பேசும் வசனங்கள். 13, 22, 88ஆம் சங்கீதங்களையும் சேர்க்க வேண்டும் என்று நானே குழுவில் எழுந்து கேட்பேன். அழுவதற்கும் பிள்ளைக்கு வார்த்தை வேண்டும்.

உப்புவெளி ஆசிரியை:
இதை முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. ஆனால் 88ஆம் சங்கீதத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவீர்கள்? ‘இருளில் முடியும் இந்தச் சங்கீதத்தை ஏன் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், மணி அடித்து இறக்குவீர்களா?

வகுப்பில் நான் செய்து பார்ப்பதையும் சொல்கிறேன். ஆம், இல்லை என்று முடியாத கேள்வியாகக் கேட்கிறேன். கேட்டபின் காத்திருக்கிறேன், அந்த அமைதி பெரியவர்களுக்குத்தான் தாங்க முடியாதது, பிள்ளைகளுக்கு அது தேவை. ஜெபத்தில் பிழை வந்தால் திருத்துவதில்லை. ‘கடவுளே, நாளைக்குக் கணக்குப் பாடம், எனக்கு வயிறு வலிக்கிறது’ என்று ஒரு பையன் ஜெபித்தான். அதைவிட நேர்மையான ஜெபத்தை நான் அண்மையில் கேட்டதில்லை.

பாலையூற்று மறையாசிரியர்:
ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், ரீச்சர். பேச இடம் கொடுத்தால் பிள்ளைகள் வேதக் கேள்வியோடு நிற்க மாட்டார்கள். வீட்டில் அடி, யாரோ செய்த தொந்தரவு, எல்லாம் வெளியே வரும். தனியறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையுமாக உட்காரக் கூடாது. இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 தொலைபேசி இலக்கம் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆயத்தமில்லாத சபை பிள்ளைகளைப் பேசச் சொல்லவே கூடாது.

உவர்மலைப் பெரியவர்:
இது நியாயமான பேச்சு. கேள்வி நேரத்துக்கு நான் தடை சொல்ல மாட்டேன். போட்டியை நிறுத்துவதற்கு மட்டும் என் சம்மதம் இல்லை, மகள். பரிசு இல்லாவிட்டால் பாதி வீடுகளில் வேதாகமத்தைத் திறக்கவே மாட்டார்கள். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வீடுகளை வைத்துச் சொல்கிறேன். குழுக் கூட்டத்தில் எதிர்த்துத்தான் கை உயர்த்துவேன்.

உப்புவெளி ஆசிரியை:
உயர்த்துங்கள், ஐயா. அதற்கு முன் ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்து, 1964 இரவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முடிவில் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.