புதுப்பிப்பு: ஒரு மணி நேரத்தில் திணறும் லிஃப்ட்

45 எச்பி டிராக்டர். பின்னால் மாட்டும் கருவியை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டில்தான் கோளாறு. காலையில் ரோட்டவேட்டரை (சுழல் கலப்பை) சட்டென்று தூக்குகிறது, ஒரு மணி நேரம் ஓடியபின் பாதியில் நின்று நடுங்குகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். லிஃப்டுக்கு எண்ணெய் தள்ளும் பம்பை மாற்றச் சொன்னவர்களே அதிகம். எண்ணெய் சூடாகி இளகினால் தேய்ந்த பம்ப் அழுத்தம் தராது என்ற வாதம் சரிதான். ஆனால் பம்ப் நன்றாகவே இருக்கிறது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் முதலில் எண்ணெய் வடிக்கும் அடித்திருகைக் கழற்றினார். எண்ணெய் மோராக வெளுத்து வந்தது. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு ஓட்டும் வண்டி. பின் அச்சின் சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்கிற்கும் ஒரே எண்ணெய். வடிகட்டியில் சாம்பல் நிறக் களிம்பு. நகத்தால் சுரண்டிய பிறகே வலைக்கண் தெரிந்தது. இரவில் அடியில் படியும் கசடு, ஓட ஓடக் கலங்கி வலையை அடைத்து, பம்புக்கு எண்ணெய் போகாமல் தடுத்திருக்கிறது.

இரண்டு பக்க சீலும் மாற்றியாயிற்று. பழைய ஈரம் போக ஒருமுறை எண்ணெய் ஊற்றி ஓட்டி வடித்துவிட்டு, மறுபடி புது எண்ணெய். செலவில் பெரும்பங்கு எண்ணெய்க்குத்தான், வயிறு எரிகிறது!

லிஃப்ட் இப்போது மாலைவரை திணறுவதில்லை. எஞ்சினை நிறுத்தினால் மட்டும் கலப்பை மெல்ல இறங்குகிறது. லிஃப்ட் சிலிண்டரின் ஓ-ரிங்காக (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இருக்கலாம் என்கிறார் மெக்கானிக். மஞ்சளுக்கு மண் அணைத்த பிறகு பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.