16 அங்குல ஏஆர்-15: ஏ2 ஃப்ளாஷ் ஹைடரை மாத்தணுமா? மாத்தினா எதைப் போடலாம்?

கேள்வி: கரிசல்காடு_டெக்சாஸ்

வணக்கம். என்கிட்ட இருக்கிறது 5.56 தோட்டா சுடுற ஏஆர்-15 ரைஃபிள், 16 அங்குல பேரல் (குழாய்), மிட்-லெங்த் கேஸ் (நடுத்தர நீள வாயுக்குழாய்), முனை மரை 1/2-28 (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுத்து). முனையில இருக்கிறது துப்பாக்கியோட வந்த சாதாரண ஏ2 ஃப்ளாஷ் ஹைடர் (சுடும்போது முனையில வர்ற தீவெளிச்சத்தை அடக்குற சாமான்). பாதி நேரம் இன்டோர் ரேஞ்ச், மீதி வெளியில 100 கஜம். அடுத்த வருஷம் உள்ளூர் மல்டிகன் போட்டியில (பல வகைத் துப்பாக்கியால வேகமா சுடுறது) இறங்கிப் பார்க்கலாம்னு இருக்கேன். கடைக்காரர் கண்ணை மூடிக்கிட்டு மசில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கிற முனைச் சாமான்) போடச் சொல்றார். என் உபயோகத்துக்கு எது சரி? வீட்டுலயே மாத்த முடியுமா? பின்னால சைலன்சர் வாங்கினா உதவும்னு இப்பவே அதை மாட்டுற மவுண்ட் போட்டுடலாமா? லைட், ஸ்லிங் (தோள் பட்டை) பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: மரையாணி

முதல்ல ஒன்னு: 5.56-ல பின்னுதைப்பு ஒரு பெரிய பிரச்சினையே இல்ல. பெரிய .308 தோட்டாவோட ஒப்பிட்டா மூணுல ஒரு பங்கு கூட வராது. தோள் வலியைக் குறைக்க யாரும் இதுல பிரேக் போடுறதில்ல. அடுத்தடுத்து வேகமா சுடும்போது ரெட் டாட் குறிக்கருவியில தெரியுற சிவப்புப் புள்ளி கண்ணாடியை விட்டு வெளியே ஓடாம இருக்கத்தான் போடுறாங்க. அந்தத் தேவை உங்களுக்கு இருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

பிரேக் உள்ளே குறுக்குச் சுவர்கள் இருக்கும். தோட்டாவுக்குப் பின்னால வர்ற வாயு அந்தச் சுவர்ல மோதி துப்பாக்கியை முன்னால இழுக்குது, அப்புறம் பக்கவாட்டுலயும் கொஞ்சம் பின்பக்கமாவும் பாயுது. சத்தமும் அழுத்தமும் அதே திசையில, அதாவது உங்க மேலயும் பக்கத்து லேன்காரர் மேலயும்தான் விழும். இன்டோர்ல சுவரும் கூரையும் அதைத் திருப்பி அடிக்கும். அங்க பிரேக் போட்டுச் சுடுறவர் பக்கத்துல நிக்க யாருக்கும் பிடிக்காது.

காம்பன்சேட்டர்ல துளைகள் மேல்பக்கம் இருக்கும், முனை மேல எழும்பாம அமுக்கும். சந்தையில இருக்கிற பலது ரெண்டும் கலந்த கலவைதான், பேரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, துளை எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருங்க.

ஃப்ளாஷ் ஹைடர் வேற வேலை. எரியாம மிச்சமிருக்கிற சூடான வாயு வெளிக்காத்தோட கலந்து பத்திக்கிறதைக் கலைச்சு விடுது. இருட்டுல சுடுறவரோட கண் கூசாம இருக்கிறதுதான் முக்கியப் பயன், எதிர்ல நிக்கிறவர்கிட்டேருந்து உங்களை மறைக்க இல்ல. உங்க ஏ2-ல அஞ்சு துளை மேலயும் பக்கத்துலயும் இருக்கு, அடிப்பக்கம் மூடியிருக்கு. அதனால படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பாது, முனையும் கொஞ்சம் அடங்கும். பழைய ஏ1-ல சுத்திலும் துளை. விலைக்குப் பார்த்தா ஏ2 மோசமான சாமானே இல்ல.

லீனியர் காம்ப்னு இன்னொரு வகை இருக்கு, அது வாயுவையும் சத்தத்தையும் நேரா முன்னால தள்ளும். மொத்த சத்தம் குறையாது, பின்னுதைப்பும் குறையாது, ஆனா சுடுறவருக்கும் பக்கத்துல நிக்கிறவருக்கும் நிம்மதி. முனையில வர்ற தீவெளிச்சத்தையும் பெருசா அடக்காது.

என் யோசனை: போட்டிக்குப் பேர் கொடுக்கிற வரைக்கும் ஏ2-வையே வச்சுக்குங்க. இன்டோர் தொந்தரவா இருந்தா லீனியர். போட்டின்னு உறுதியானா அப்ப பிரேக். எது போட்டாலும் காதுக்கு ரெண்டடுக்கு: உள்ளே ஃபோம் ப்ளக், மேல மஃப். 140 டெசிபலைத் தாண்டின வெடிச்சத்தமே காதுக்கு ஆபத்து, இந்தத் துப்பாக்கி அதைத் தாராளமா தாண்டும். என்ஆர்ஆர் (சத்தம் குறைக்கிற அளவு) 33 உள்ள ப்ளக் மேல 25 உள்ள மஃப் போட்டா 58 ஆகாது, பெரிய எண்ணோட அஞ்சு கூட்டிக்குங்க, அவ்வளவுதான்.

பதில் 2: பட்டறை_சித்தர்

வீட்டுலயே மாத்தலாம். வைஸ், ரிசீவருக்கான (துப்பாக்கியோட உடல் பாகம்) ரியாக்ஷன் ராடு (உள்ளே விட்டு பேரல் சுத்தாம பிடிக்கிற தண்டு) இல்லன்னா பேரலைப் பிடிக்கிற மெத்தைத் தாடை, 3/4 அங்குல ஸ்பானர், டார்க் ரெஞ்ச் (இறுக்குற விசையை அளந்து காட்டுறது) வேணும். மேல் ரிசீவரை வெறுமனே வைஸ்ல பிடிச்சு முனையைத் திருகாதீங்க. திருகுற விசை முழுக்க பேரலோட சின்ன இன்டெக்ஸ் பின்ல இறங்கும், ரிசீவர்ல அது உட்கார்ற வெட்டு நசுங்கிடும்.

மேகசினைக் கழட்டி, சேம்பரைக் கண்ணாலயும் விரலாலயும் பார்த்து, போல்ட் கேரியரை வெளியே எடுத்து வச்சிட்டுத்தான் ஸ்பானரைத் தொடணும். முனையை எதிர்ல நின்னு பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில கழட்டணும். ஏகே வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா கவனம்: 14x1 இடது மரை, உங்களுக்குத் திசை தலைகீழ்.

ஏ2-வோட வர்ற கிரஷ் வாஷர் (இறுக்கும்போது நசுங்கிப் பிடிக்கிற வளையம்) ஒரே தடவைக்குத்தான். குறுகின பக்கம் டிவைஸை (முனையில மாட்டுற சாமானை) பார்க்கணும், அகலமான பக்கம் பேரல் தோளை (மரை முடியுற இடத்துப் படியை) பார்க்கணும். கையால இறுகினதுக்கு அப்புறம் கால் சுத்துலேருந்து ஒரு சுத்துக்குள்ள சரியான நிலைக்கு வந்துடும். தாண்டிப் போயிட்டா பின்னால திருப்பி நிறுத்தாதீங்க, நசுங்கின வாஷர் திரும்ப எழும்பாது, பிடிப்பு போயிடும். புது வாஷர் ஒன்னு ரெண்டு டாலர்தான்.

பிரேக்குக்கு ஷிம் (மெல்லிய உலோக வளையம்) நல்லது. கணக்கு ரொம்ப எளிது. 1/2-28 மரையில ஒரு முழுச்சுத்து 0.0357 அங்குலம். அப்படின்னா 0.001 அங்குல ஷிம் சுமார் 10 டிகிரி முன்னாலயே நிறுத்தும். ஷிம் இல்லாம கையால இறுக்கும்போது பிரேக் சரியான இடத்தை 90 டிகிரி தாண்டி நிக்குதுன்னு வச்சுக்குங்க. 0.009 போட்டா நேரா நிக்கும். ஆனா டார்க் கொடுக்கும்போது அது மறுபடி நகரும், அதனால 0.011 போட்டு 20 டிகிரி குறைவா நிறுத்தி, ரெஞ்சால இழுத்து நேராக்குங்க. 5/8-24 மரைன்னா 0.001-க்கு ஏறக்குறைய 8.6 டிகிரி. டார்க் பொதுவா 20 அடி-பவுண்டு பக்கத்துல, தயாரிப்பாளர் தாள்ல வேற போட்டிருந்தா அதுதான் சட்டம்.

நீல லாக்டைட் (மரை தளராம இருக்கப் போடுற பசை) இங்க வேண்டாம், 150 டிகிரி செல்சியஸ்ல கைவிட்டுடும். ரெண்டு மேகசின் வேகமா சுட்டாலே முனை அந்தச் சூட்டைத் தொட்டுடும். ஒட்டணும்னா ராக்செட் (அதிக சூடு தாங்குற பசை). மரையில எண்ணெய் துளிகூட இருக்கக் கூடாது, 24 மணிநேரம் காய விடணும். கழட்டணும்னா ராத்திரி முழுக்க தண்ணியில ஊறவைங்க, சூடு காட்டி மல்லுக்கட்டாதீங்க.

மாத்தினதும் ஜீரோ (குறி வச்ச இடத்துலயே குண்டு விழுதான்னு) திரும்பப் பாருங்க. முனையில எடை மாறினாலே குண்டு விழுற இடம் நகரும்.

பதில் 3: படிவம்_நாலு

சைலன்சர் கேள்விக்கு. மவுண்ட்டை முன்கூட்டியே வாங்காதீங்க. ஒரு கம்பெனி மவுண்ட்ல இன்னொரு கம்பெனி சைலன்சர் பெரும்பாலும் உட்காராது. முதல்ல சைலன்சரை முடிவு பண்ணுங்க, பின்பக்கம் 1.375x24 ஹப் மரை (பல கம்பெனிக்கும் பொதுவான மரை) இருக்கிறதா எடுத்தா பின்னால மவுண்ட்டை மாத்திக்கலாம். மவுண்ட்லயே பிரேக், ஃப்ளாஷ் ஹைடர்னு ரெண்டு வகை வரும். பிரேக் மவுண்ட் வாயுவோட முதல் அடியைத் தானே வாங்கிக்கிட்டு, சைலன்சருக்குள்ள வாயுவைத் தடுக்கிற முதல் தடுப்புத் தகட்டைக் காப்பாத்தும்.

சைலன்சர் மவுண்ட்டுக்கு அடியில கிரஷ் வாஷர் கூடவே கூடாது. அது ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் நசுங்கும், மவுண்ட் ஒரு மயிரிழை சாஞ்சாலும் சைலன்சரோட அந்தக் கோடியில தோட்டா தடுப்பை உரசும். ஷிம் மட்டும். மாட்டினதும் அலைன்மென்ட் ராடு (நேரா இருக்கான்னு பார்க்கிற தண்டு) பேரல்ல விட்டு, முன் துளையில சுத்திலும் ஒரே இடைவெளி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் முதல் குண்டு.

2026 ஜனவரி 1-லேருந்து சைலன்சருக்கு இருந்த 200 டாலர் மத்திய அரசு வரி சுழியம் ஆயிடுச்சு. ஆனா பதிவு, கைரேகை, புகைப்படம், ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது எல்லாம் அப்படியே இருக்கு. வரி போச்சுன்னா சட்டமே போச்சுன்னு சிலர் நினைக்கிறாங்க.

டெக்சாஸ்ல முனையில எதைப் போட்டாலும் மாநிலச் சட்டம் தடுக்காது. வேலை மாறி வேற மாநிலம் போனா நிலைமை வேற. கலிஃபோர்னியாவுல கழட்டுற மேகசின் உள்ள, ஏஆர் மாதிரி செமி-ஆட்டோ சென்டர்ஃபயர் ரைஃபிள்ல ஃப்ளாஷ் ஹைடர் இருந்தாலே அது தடைப் பட்டியல் அம்சம், பிரேக்குக்கு அந்தச் சிக்கல் இல்ல. நியூயார்க்குல பிரேக், காம்ப், மரை போட்ட பேரல் எல்லாமே பட்டியல்ல இருக்கு. துப்பாக்கியை ஏத்திக்கிட்டுப் போறதுக்கு முன்னால அந்த மாநில வக்கீலைக் கேளுங்க. இன்னொன்னு: உங்களுது 16 அங்குலம், ரைஃபிள் பேரலுக்குச் சட்டம் கேக்குற குறைஞ்சபட்ச நீளம் அதுதான், அதனால முனை டிவைஸைக் கழட்டினாலும் பிரச்சினை இல்ல. 14.5 அங்குல பேரல்ல அந்த நீளத்தை எட்டுறதுக்காக பின் அடிச்சு வெல்டு வச்சிருக்கிற டிவைஸைக் கழட்டினா, பதிவு இல்லாத குட்டை பேரல் ரைஃபிள் கையில இருக்கிறதா அர்த்தம். அதைத் தொடாதீங்க.

கரிசல்காடு_டெக்சாஸ்

நன்றிங்க. அப்ப இன்டோருக்கு லீனியரும், போட்டி உறுதியானா பிரேக்கும். என் ஹேண்ட்கார்டு (பேரலைச் சுத்தி கை பிடிக்கிற உறை) 15 அங்குலம். அது எதையாவது இடிக்குமா? லைட் எங்க மாட்டலாம்?

மரையாணி

15 அங்குல கார்டுன்னா பேரல் தோள் அரை அங்குலம் கூட வெளியே தெரியாது. ஸ்பானர் நுழையுதான்னு வாங்குறதுக்கு முன்னால அளந்து பாருங்க, இல்லன்னா கார்டைக் கழட்டித்தான் வேலை செய்யணும். பிரேக்கோட பின்கோடித் துளை கார்டுக்குள்ள மறைஞ்சா வாயு அலுமினியத்தை அரிச்சுடும்.

லைட்டை வலது கைக்காரர்னா 11 மணி இடத்துல வைங்க, இடது கட்டைவிரல் எட்டும். லென்ஸ் பக்கத் துளைக்கு நேரா வரக் கூடாது, கொஞ்சம் பின்னால இருக்கட்டும். அப்படியும் கரி படியும். சுடுறதுக்கு முன்னால லென்ஸ்ல லிப் பாம் லேசாத் தடவிட்டா, முடிஞ்சதும் துணியால துடைச்சாப் போதும்.

பட்டறை_சித்தர்

ஸ்லிங் ரெண்டு முனை வகை, முன் கொக்கி கார்டோட நடுவுக்குக் கொஞ்சம் பின்னால. முனைக்குப் பக்கத்துல மாட்டினா பட்டை பிரேக் வாயுவுல கருகும், லைட் சுவிட்சுலயும் சிக்கும். ஸ்கோப் ரிங் திருகு 15-லேருந்து 18 அங்குல-பவுண்டுதான், அடி-பவுண்டு ரெஞ்சை அதுக்கு எடுத்துடாதீங்க.