கார்ல் முற்றுகை மோர்ட்டார்: இவ்வளவு பெரிய கருவியால் என்ன பயன்?

கொத்தளம் (கேள்வி):
இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய, 60 செ.மீ. குழாய் விட்டம் கொண்ட ‘கார்ல்’ மோர்ட்டாரைப் பற்றிப் படித்து வருகிறேன். 124 டன் எடையுள்ள அந்த வண்டி, 2,170 கிலோ குண்டை வெறும் 4.3 கி.மீ. தொலைவுக்குத்தான் எறிந்ததாம். எதிரியின் சாதாரணப் பீரங்கிகளே அதைவிடத் தொலைவுக்குச் சுடும்போது, இதை எதற்காகச் செய்தார்கள்? சோவியத் துறைமுகக் கோட்டை நகரான செவஸ்தபோலில் பூமிக்கடியில் இருந்த வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்தது இதுதான் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அது சரியா?

பழம்பீரங்கி:
கிடங்கைப் பற்றிய கதையில் கார்லைச் சேர்க்க வேண்டாம். அது ‘டோரா’ என்ற 80 செ.மீ. ரயில் பீரங்கியின் கணக்கில் சொல்லப்படுவது. இரண்டும் ஒரே முற்றுகையில் இருந்ததால் இந்தக் குழப்பம் ஓயாமல் வருகிறது.

பிரான்சின் மாஜினோ அரண்வரிசையை உடைப்பதற்காக, 1936 வாக்கில் ரைன்மெட்டால் நிறுவனம் கார்லின் வடிவமைப்பைத் தொடங்கியது. பல மீட்டர் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டுமானால் கனமான குண்டு செங்குத்தாக வந்து விழ வேண்டும். அதனால்தான் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமே உள்ள கட்டைக் குழாயையும் உயர்ந்த கோணத்தையும் தேர்ந்தார்கள். குறைந்த தொலைவு அந்தத் தேர்வுக்குக் கொடுத்த விலை. சுடும்போது ஏற்படும் உதைப்பைச் சக்கரங்கள் தாங்காது என்பதால், வண்டியின் அடிப்பாகத்தையே தரையில் இறக்கி அமர்த்திவிட்டுத்தான் சுடுவார்கள். ஒவ்வொரு முறையும் குழாயைக் கிடைமட்டமாகத் தாழ்த்தி, பளு தூக்கி பொருத்திய பான்சர் 4 டாங்கி வண்டியிலிருந்து குண்டை ஏற்ற வேண்டியிருந்ததால், ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் பத்து நிமிடங்கள் கழிந்தன. நெடுந்தொலைவுக்கு இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவே தொங்கவிட்டுக் கொண்டு போனார்கள்.

ஆனால் முதல் வண்டி படையிடம் வந்து சேர்ந்தது 1940 நவம்பரில்; பிரான்ஸ் ஜூனிலேயே பணிந்துவிட்டது. எந்தத் தளபதியின் பெயரைச் சூட்டினார்களோ, அந்தக் கார்ல் பெக்கரும் அதே ஆண்டு ஏப்ரலில், வெடிமருந்துத் தட்டுப்பாடு குறித்த கண்டனங்களுக்கிடையே, தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

கொத்தளம்:
விளக்கத்துக்கு நன்றி ஐயா. அப்படியானால் கோட்டைகளுக்கு எதிராக அது உண்மையில் பயன்பட்டதா?

பழம்பீரங்கி:
ஓரளவுக்குத்தான். 1941 ஜூனில் சோவியத் எல்லையிலிருந்த பிரெஸ்ட் கோட்டையின்மீது சுட்டார்கள். ஆனாலும் அதன் கிழக்குக் கொத்தளம் 29ஆம் தேதி, விமானத்திலிருந்து 1,800 கிலோ குண்டு போடப்பட்ட பிறகே சரணடைந்தது. செவஸ்தபோலில் ‘மாக்சிம் கார்க்கி 1’ என்ற 305 மி.மீ. கடற்கரைப் பீரங்கி அரண்மீது கார்ல் குண்டுகள் விழுந்தன. இருப்பினும் 1942 ஜூன் 17 அன்று காலாட்படையினரும் பொறியாளர்களும் நேரில் ஏறித் தாக்கித்தான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது. தொலைவுக் குறையை அவர்களும் உணர்ந்தார்கள் போலும். பிறகு 1,250 கிலோ குண்டை 10 கி.மீ. வரை எறியும் 54 செ.மீ. குழாய்களைச் செய்தார்கள்.

விஸ்துலாக்கரை:
மேலே விடுபட்டது போலந்தின் தலைநகர் வார்சா. 1944 ஆகஸ்டில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக அங்கே எழுந்த எழுச்சியை ஒடுக்குவதற்காக ஒரு கார்ல் மோர்ட்டாரை வோலா பகுதியில் உள்ள சொவின்ஸ்கி பூங்காவில் நிறுத்தினார்கள். கிளர்ச்சியாளர்களிடம் பதிலுக்குச் சுடப் பீரங்கியும் இல்லை, விமானமும் இல்லை. ஆகவே நீங்கள் கேட்ட அந்த 4.3 கி.மீ. அங்கே ஒரு குறையாகவே இருக்கவில்லை. கான்கிரீட்டைத் துளைக்கச் செய்த குண்டுகள் குடியிருப்புகளின் மாடிகளைத் துளைத்துக்கொண்டு நிலவறை வரை போயின. மக்கள் ஒளிந்திருந்ததும் நிலவறைகளில்தான். ஆகஸ்ட் 28 அன்று 16 மாடி புருடென்ஷியல் கட்டடத்தில் குண்டு வெடித்த கணத்தைப் புகைப்படக்காரர் சில்வெஸ்டர் பிரவுன் படம் பிடித்தார். அந்தக் கட்டடத்தின் எஃகுச் சட்டகம் இடியாமல் நின்றது. இன்று அது ஒரு விடுதி.

கொத்தளம்:
கருவி எதுவும் மிஞ்சியிருக்கிறதா?

பழம்பீரங்கி:
ஒன்று இருக்கிறது, மாஸ்கோவுக்கு அருகே குபின்கா கவச வாகன அருங்காட்சியகத்தில்.